வாவியும் வாய்க்காலும்

கலகெதரையிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறுகிறவர் கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்தே ஆகவேண்டும். பாலத்தின்மீது பஸ் ஊர்கையில் கீழோடும் நீரை ஒரு கணம் பார்ப்பதும், பின்னர் கண்டி வாவிக் கரையில் சிறிது நேரம் நிற்பதும் என் நெடுநாள் வழக்கம். ஒன்று ஆறு, மற்றது வாவி. ஒன்றையொன்று அறியாத இரு காட்சிகள் என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று உணர்த்தியது, மழைவிட்ட ஒரு மாலையில் நகரின் நடுவே வீசிய துர்நாற்றம்.

அது மெத எலவிலிருந்து வந்தது. 'நடு வாய்க்கால்' என்பது இச்சிங்களப் பெயரின் பொருள். வாவியில் மிகும் நீர் இவ்வாய்க்கால் வழியே நகரை ஊடறுத்துச் சென்று, கெட்டம்பேயில் மகாவலியிற் கலக்கிறது. வாவியைப் படம்பிடிப்பவர் ஆயிரம் பேர். வாய்க்காலை எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

வாவியின் வரலாறு நம்மவர் பலரும் அறிந்ததே. நாயக்க வம்சத்து இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தலதா மாளிகைக்கு முன் கிடந்த வயல்வெளிக்கு அணையிட்டு, 1812-இல் இதனை முடித்தான். பாற்கடல் என்பது இதற்கு வழங்கிய பெயர். இராஜகாரியத்தின் பேரில் மண் சுமந்த குடிகளுக்கோ அது கண்ணீர்க் கடலாயிற்று. கரையை அணிசெய்யும் மேக மதில் முற்றுப்பெறுமுன்னரே, 1815-இல் மன்னன் முடியிழந்தான். வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832-இல் அங்கேயே மாண்டான்.

மன்னன் கட்டியது அணையை மட்டுமே. வாவியை நிரப்புவன மலைகள். வடக்கே உடவத்தகலைக் காடு, மறுபுறம் துனுமடலாவக் காடு; இவற்றுக்கிடையே கண்டி ஒரு கிண்ணம்போற் கிடக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் விழும் மழைத்துளி அடிக்கு வந்துதானே சேரும்? முன்னாளில் அது மரவேர்களூடே கசிந்து தெளிந்து வந்தது. இன்று சரிவுகளில் வீடும் விடுதியும் நெருங்கிவிட்டன. வெட்டிய மலையின் செம்மண்ணையும் சமையலறைக் கழிவையும் சவர்க்கார நுரையையும் வாரிக்கொண்டு மழைநீர் இறங்குகிறது.

இதன் விளைவை 1999-ஆம் ஆண்டு கண்கூடாகக் காட்டியது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை அல்கா பெருகி, வாவியின்மேல் பச்சைப் படலமாய்ப் படர்ந்தது. கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கவல்ல இனம் அது. கழிவோடு வரும் நைதரசனும் பொசுபரசும் அல்காவுக்கு எருவாகின்றன. ஆறாயின் அவ்வெருவை அடித்துச் சென்றுவிடும். தேங்கிய நீர் அதனைத் தன் அடிச்சேற்றிற் சேமித்து வைத்துக்கொள்கிறது. அல்கா மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் செலவாகி, மீன் மூச்சுத் திணறுகிறது. அங்ஙனமிருக்க, கரையில் நின்று திலாப்பியா மீனுக்குப் பொரி இறைப்பதைப் புண்ணியம் என்கிறோம்! மீன் உண்டது போக எஞ்சிய பொரியும் எருவேயாகும். மரக்கிளைகளில் அடையும் கொக்கும் நீர்க்காகமும் எச்சமிடுகின்றன என்று சலித்துக்கொள்கிறோம். பறவையின் எச்சம் நம் தலைமீது விழுவதால் தெரிகிறது. நம் எச்சம் குழாய்க்குள் மறைந்து போவதால் தெரிவதில்லை. கபரகொய்யா மட்டும் எவர்மீதும் குறைகூறாது நீந்திக்கொண்டிருக்கிறது.

ஜப்பானியக் கடனுதவியோடு கன்னொருவையில் அமைந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நகரின் ஒரு பகுதிக் கழிவை ஏற்றுக்கொள்கிறது. நல்ல தொடக்கம். ஆயினும் வாவியைத் தூர்வாரவேண்டும் என்று எழும் குரலுக்குள்ள வலிமை, மலைச்சரிவின் வடிகாலைச் சீர்செய்யவேண்டும் என்னும் குரலுக்கு இல்லை. மேலே அடைக்காமல் கீழே அள்ளுவது எத்தனை நாளைக்கு?

மெத எலவின் நீர் கெட்டம்பேயோடு நின்றுவிடுவதில்லை. கட்டுகஸ்தோட்டையில் அது குடிநீருக்காக இறைக்கப்படுகிறது. பஸ்ஸிலிருந்து நான் பார்த்துவந்தது வாவியின் நீரையுந்தான்! அதற்கப்பால், 1976-இல் எழுந்த பொல்கொல்லை அணை ஆற்றைத் தடுத்து, எட்டுக் கிலோ மீற்றர் சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்புகிறது. அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக வறண்ட வலயத்துக் குளங்களை அந்நீர் சென்றடைகிறது. கந்தளாய் வரையிலும் வயல்களுக்குப் பாய்கிறது. வயலை மூழ்கடித்துப் பிறந்த வாவியின் நீர் மீண்டும் வயலுக்கே போகிறது. எதைச் சுமந்துகொண்டு போகிறது என்பதே என் கவலை.

இப்பக்கத்துக்கு வரும் கவிதைகளில் கண்டி வாவி அடிக்கடி தோன்றுகிறது. நிலவு தவறாமல் அதில் முகம் பார்க்கிறது. மெத எலவைப் பாடிய கவிதை ஒன்றேனும் இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. ஆசிரியப் பெருமக்கள் அடுத்த முறை மாணவரைக் கண்டிக்கு அழைத்து வரும்போது, வாவிக்கரையைச் சுற்றிக் காட்டியபின் வாய்க்காலோரமாகக் கெட்டம்பே வரையும் நடத்திச் செல்வார்களாக. மூக்கைப் பொத்திக்கொள்ள நேரிடும், பாதகமில்லை. கண்டதை உள்ளவாறு எழுதியனுப்பும் மாணவருக்கு இப்பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.