பிளஸ்-1ல் எந்த குரூப்? பள்ளி பள்ளியாக அலையும் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள்!

திருப்பூர்:-

ஆண்டுதோறும் மே மாதம் 10-ம் வகுப்பு ரிசல்ட் வருகிற நாளில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஷின் சத்தத்தை மீறி செல்போன் சத்தம் கேட்கும். "பாஸா கண்ணு? மார்க் எவ்வளவு?" என்று டேபிள் டேபிளாக விசாரிப்பு நடக்கும். மிட்டாய் வரும். டீ நேரத்தில் சூப்பர்வைசர் கூட கண்டுகொள்ள மாட்டார்.

அந்த சந்தோஷம் சாயங்காலம் வரைதான். மறுநாள் பொழுது விடிந்தால் அடுத்த தலைவலி ஆரம்பம். பிளஸ்-1ல் எந்த பள்ளி, எந்த குரூப்?

2025-ம் ஆண்டு மே 16-ந்தேதி வெளியான 10-ம் வகுப்பு ரிசல்ட்டில் மாநிலம் முழுக்க 93.80 சதவீதம் பேர் பாஸ் ஆனார்கள். முன்பெல்லாம் பாஸா, பெயிலா என்பதுதான் பயம். இப்போது பெயில் பயம் குறைந்து விட்டது. போட்டி முழுக்க பாஸ் ஆனவர்களுக்குள்தான். 16 வயது கூட முடியாத பிள்ளை பின்னாளில் என்ஜினீயரா, நர்சா, கணக்குப்பிள்ளையா, தந்தை நிற்கிற அதே ஓவர்லாக் மிஷினில் நிற்கப் போகிறதா என்பது அந்த இரண்டு மூன்று நாட்களில் ஒரு மேஜை முன்னால் முடிவாகி விடுகிறது.

ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் கட்

பனியன் தொழிலில் சனிக்கிழமை தோறும் சம்பளம். வேலைக்கு வராத நாளுக்கு பணம் கிடையாது. செக்கிங், கைமடிப்பு வேலை பார்க்கும் தாய்மார்கள் ஒரு பள்ளிக்கு போய் வரிசையில் நின்றால் அன்றைய ஷிப்ட் போச்சு.

அங்கே "பயாலஜி குரூப் முடிஞ்சு போச்சுங்க, காமர்ஸ்தான் இருக்கு. வேணும்னா அந்த ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க" என்று பதில் வந்தால் இரண்டாவது நாளும் போச்சு. அனுப்பர்பாளையத்தில் இருந்து நல்லூர், நல்லூரில் இருந்து வீரபாண்டி என்று பஸ் ஏறி இறங்கியே அந்த வாரச் சம்பளத்தில் பாதி கரைந்து விடுகிறது. மூன்றாவது நாள் "ஏதோ ஒரு குரூப், பக்கத்து ஸ்கூல், சேர்த்து விட்டாச்சு" என்று முடிவுக்கு வந்து விடுகிறார்கள்.

இங்கேதான் பிள்ளையின் தலையெழுத்து மாறுகிறது. ஆசைப்பட்ட படிப்பு அடுத்த ஏரியா பள்ளியிலேயே இருந்திருக்கும். ஆனால் அது இருப்பது யாருக்கும் தெரியாது.

அரசு பள்ளியில் பிளஸ்-1 சேர்க்கை அந்தந்த பள்ளி தலைமை ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. என்ஜினீயரிங் கவுன்சிலிங் மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்து மாவட்டத்தில் உள்ள எல்லா காலி இடத்தையும் பார்த்து தேர்வு செய்யும் வசதி இல்லை. ஒரு பள்ளியில் 400 மார்க்குக்கு மேல் இருந்தால்தான் கணக்கு-பயாலஜி. அதே குரூப் இன்னொரு பள்ளியில் 320-க்கே கிடைத்து விடலாம். வருகிற கூட்டத்தை பொறுத்து கோடு ஏறும், இறங்கும்.

பிளஸ்-1 சேர்க்கைக்கும் இடஒதுக்கீடு உண்டு என்பது பல பெற்றோருக்கு தெரிவதில்லை. பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 18 (இதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1 சதவீதம் என்பதுதான் கணக்கு. "இடம் இல்லை" என்று சொன்னால் "எங்க பிரிவிலும் முடிஞ்சிருச்சுங்களா?" என்று திருப்பிக் கேட்க பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

தேனி, மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை பக்கம் இருந்து பிழைக்க வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். சாதி சான்றிதழ் ஊரில் பெட்டியில் கிடக்கும். ஊருக்கு போய் எடுத்து வருவதற்குள் நல்ல குரூப் நிரம்பி விடும். ஏப்ரலிலேயே அதை தேடி எடுத்து வைத்து விட்டால் பாதி கவலை தீர்ந்தது.

குரூப்பில் இருக்கும் பொறி

கணக்கு, இயற்பியல், வேதியியலோடு பயாலஜியோ கம்ப்யூட்டர் சயின்சோ சேர்ந்தால் 'பர்ஸ்ட் குரூப்'. கணக்கு இல்லாமல் தாவரவியல், விலங்கியல் படித்தால் 'ப்யூர் சயின்ஸ்'. பெயரை கேட்டால் பெரிதாக இருக்கும். ஆனால் கணக்கு இல்லாததால் என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு போக முடியாது. கம்ப்யூட்டர்-கணக்கு எடுத்தவர் பயாலஜி படிக்காததால் 'நீட்' பக்கம் நேராக போக முடியாது.

இது தெரிந்து எடுத்தால் தப்பில்லை. இரண்டு வருடம் கழித்து தெரிய வருவதுதான் கொடுமை.

அதே மாதிரிதான் நர்சிங். தொழிற்கல்வியில் செவிலியம் படித்தால் நேராக பி.எஸ்சி. நர்சிங் போய் விடலாம் என்று நம்பி சேர்க்கிறவர்கள் உண்டு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். தொழிற்கல்வி செவிலியத்தில் இயற்பியல், வேதியியல் கிடையாது. சேர்க்கும்போதே இதை சொல்லி விட வேண்டாமா?

மார்க் குறைந்தவர்களை தள்ளும் இடமா?

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ்-2 முறை வந்தபோதே தொழிற்கல்வி பிரிவும் கூடவே வந்தது. படிப்பை முடித்ததும் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அடிப்படை மின் பொறியியல், இயந்திரவியல், ஆட்டோமொபைல், நெசவுத் தொழில்நுட்பம், ஆடை வடிவமைப்பு, வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை, கணக்குப்பதிவியலும் தணிக்கையும் என்று பாடத்திட்டத்தில் பெரிய பட்டியலே இருக்கிறது.

நடப்பது என்ன? மார்க் அதிகம் எடுத்தவருக்கு சயின்ஸ், அடுத்து காமர்ஸ், கடைசியில் நிற்கிறவருக்கு "தொழிற்கல்வி எடுத்துக்கப்பா". பிள்ளைக்கு மோட்டார் மேல் ஆசையா, துணி மேல் ஆசையா என்று கேட்கிறவர் யாரும் இல்லை. அதனால் "வொகேஷனல்" என்றாலே மட்டமாக பார்க்கிற பழக்கம் பெற்றோரிடமும் ஒட்டிக் கொண்டது.

உண்மையில் அந்த வழி மூடிய வழி அல்ல. பொறியியல் சார்ந்த தொழிற்கல்வி படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் தனி ரேங்க் பட்டியல் உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டு சேரலாம். ஒரு வருடம் மிச்சம். கணக்குப்பதிவியல் படித்தவர்கள் பி.காம். போகலாம். அலுவலக மேலாண்மையில் டைப்பிங்கும் பாடம். ஆனால் டைப்பிஸ்ட் அரசு வேலைக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வு சான்றிதழ் தனியாக வாங்கியாக வேண்டும். பிளஸ்-2 மார்க் ஷீட்டை மட்டும் வைத்துக் கொண்டு விண்ணப்பித்து ஏமாறக்கூடாது.

திருப்பூருக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. ஊர் முழுக்க பனியன். துணி, சாயம், தையல், ஏற்றுமதி என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கிற ஊர். நெசவும் ஆடை வடிவமைப்பும் அரசு பாடத்திட்டத்தில் இருக்கிறது. 'பேட்டர்ன் மாஸ்டர்' ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை பள்ளியிலேயே அதை படித்து விட்டு வரலாம். ஆனால் கட்டிங் டேபிளில் நிற்கும் எத்தனை அப்பாக்களுக்கு இப்படி ஒரு குரூப் இருப்பது தெரியும்? ஹெல்பராக சேர்ந்து, மாஸ்டர் கையை பார்த்து, திட்டு வாங்கி கற்றுக் கொள்வதுதான் இன்றைக்கும் வழியாக இருக்கிறது.

வாத்தியார் ரிட்டயர், குரூப் குளோஸ்

தொழிற்கல்விக்கு இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் நடக்கிறது. பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு புது ஆள் வருவதில்லை. ஒன்றிரண்டு வருடம் சமாளித்து பார்ப்பார்கள். அப்புறம் குரூப்பையே எடுத்து விடுவார்கள். லேத், வயர், மோட்டார் எல்லாம் ஒரு ரூமில் பூட்டிக் கிடக்கும்.

'பிள்ளைகள் சேர்வதில்லை, அதனால் மூடுகிறோம்' என்பது ஒரு பக்க காரணம். 'வாத்தியார் இல்லை, அதனால் சேரவில்லை' என்பது மறுபக்கம். கோழி முதலா, முட்டை முதலா கதை. ஆனால் அடி விழுவது 300 மார்க் எடுத்த கூலித்தொழிலாளி பிள்ளைக்கு. பணம் உள்ளவர் வேறு இடத்தில் காசு கட்டி படித்துக் கொள்வார்.

மாதிரிப் பள்ளி யாருக்கு?

நன்றாக படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே திறந்து வைத்திருக்கும் கதவு, அரசு மாதிரிப் பள்ளி. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி சென்னையில் நடந்த விழாவில் 15 மாதிரிப் பள்ளிகளும், 26 தகைசால் பள்ளிகளும் தொடங்கி வைக்கப்பட்டன. பின்னர் மாதிரிப் பள்ளி 38 மாவட்டங்களுக்கும் வந்து விட்டது. 9-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை தங்கிப் படிக்கலாம். சாப்பாடு, ஹாஸ்டல் இலவசம். இங்கே படித்தவர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. வரை போயிருக்கிறார்கள்.

தனியார் பள்ளி மாதிரி அப்ளிகேஷன் வாங்கி பணம் கட்டி சேருகிற இடம் அல்ல இது. அரசு பள்ளி பிள்ளைகளில் இருந்தே தேர்வு செய்து எடுக்கிறார்கள். ஆகவே ரிசல்ட் வந்த பிறகு விழித்துக் கொண்டால் லேட். 8-ம் வகுப்பு படிக்கும்போதே கிளாஸ் டீச்சரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

நல்லா படிக்கிற பிள்ளைகளை எல்லாம் ஒரே இடத்துக்கு எடுத்துக் கொண்டு போனால் மற்ற அரசு பள்ளிகளின் கதி என்ன என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டன. அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்றால் எத்தனை பிள்ளைக்கு இடம் கிடைத்து விடும்? மீதி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பக்கத்து தெரு பள்ளியைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

தனியாருக்கு தாவும் முன்...

450 மார்க்குக்கு மேல் எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு தனியார் பள்ளியில் இருந்து போன் வரும். "பீஸ் பாதி குறைக்கிறோம், வேன் இலவசம்" என்பார்கள். கவுரவமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே கையெழுத்து போடும் முன் ஒரு கணக்கு போட்டாக வேண்டும்.

மருத்துவ படிப்பில் அரசு பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் படிப்பு பீஸ், ஹாஸ்டல் பீஸ் அரசே கட்டுகிறது. பொதுவான நிபந்தனை, 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும். அஞ்சு வருஷம் அரசு பள்ளியில் படித்து விட்டு பிளஸ்-1க்கு தனியாருக்கு போனால், அந்த அஞ்சு வருஷமும் கணக்கில் வராது.

அரசு உதவிபெறும் பள்ளிக்கும் இந்த 7.5 சதவீதம் கிடையாது. போர்டில் பெயர் பார்த்து அரசு பள்ளி என்று நினைத்து சேர்த்து விடுகிறவர்கள் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல பள்ளிகள் கணக்கில் வரும். மதுரை, தேனி பக்கம் இருந்து வந்தவர்கள் கவனிக்க: கள்ளர் சீரமைப்பு பள்ளியும் கணக்கில் வரும்.

கல்லூரி போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. இவற்றில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 7.5-க்கு ஒரு விதி, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு விதி. குழப்பம்தான். ஆனால் விஷயம் பெரிது.

இனி பிளஸ்-1 பொதுத்தேர்வும் இல்லை

2018 முதல் பிளஸ்-1க்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025 ஆகஸ்டு 8-ந்தேதி வெளியான மாநில கல்விக் கொள்கையை அடுத்து 2025-26 கல்வி ஆண்டில் இருந்து அது நீக்கப்பட்டு விட்டது. பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் பிடிக்காத குரூப்பில் மாட்டிய பிள்ளை தடுமாறுவதை வீட்டுக்கு காட்டிக் கொடுக்க அந்த ஒரு மார்க் ஷீட்டாவது இருந்தது. இப்போது பிளஸ்-2 ரிசல்ட் வரும் வரை வீட்டில் தெரியாமலே போய் விடலாம்.

கல்லூரிக் கனவு, நான் முதல்வன் என்று உயர்கல்விக்கு வழிகாட்டும் திட்டங்கள் அரசிடம் இருக்கின்றன. கல்லூரிக் கனவு நிகழ்ச்சி பிளஸ்-2 பிள்ளைகளுக்கானது. குரூப் எடுத்து முடித்த பிறகு வழி சொல்லி என்ன பயன்? அதே நிகழ்ச்சியை 10-ம் வகுப்பு பரீட்சை முடிந்த ஏப்ரல் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமையாக பார்த்து வைத்தால் தொழிலாளிகள் சம்பளம் போகாமல் வந்து கேட்பார்கள்.

முதன்மை கல்வி அலுவலகம் ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே, எந்த அரசு பள்ளியில் என்னென்ன குரூப், எத்தனை இடம் என்று ஒரு பட்டியல் போட்டு பள்ளி கேட்டிலும், ரேஷன் கடையிலும் ஒட்டினால் போதும். இதற்கு தனி நிதி தேவை இல்லை. பேப்பரும் பசையும்தான் செலவு.

அது வரும் வரை பெற்றோர் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணுக்கு போன் செய்து விவரம் கேட்கலாம். குரூப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் காலாண்டு பரீட்சை வரை காத்திருக்காமல், பள்ளி திறந்த முதல் சில நாட்களிலேயே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து கேட்க வேண்டும். காலி இடம் இருந்தால் மாற்றித் தருவது உண்டு. டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினலை கொடுக்கும் முன் நாலு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக் கொள்வது நல்லது.