பொறுமை ரசிகனுக்கு மட்டுமா?

'மீள்கட்டமைப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை தோல்விகளை ஒளிக்கலாம்? 2024இல் சிக்காகோ வைற் சொக்ஸ் பேஸ்போல் அணி முதல் 25 ஆட்டங்களில் 22இல் தோற்றது. இளம் வீரர்கள் வளரும்வரை பொறுத்திருக்க வேண்டுமாம். பருவ முடிவில் தோல்விகள் 121. 1900க்குப் பின் வேறெந்த அணியும் ஒரே பருவத்தில் இவ்வளவு தோற்றதில்லை.

2013இல் 111 ஆட்டங்களில் தோற்ற ஹூஸ்டன், 2017இல் உலகத் தொடரை வென்றதே என்பர். உண்மைதான். ஆனால் சிக்காகோவும் 2016 டிசம்பரில் கிறிஸ் சேலைப் பொஸ்டனுக்குக் கொடுத்து இதே பாதையில்தானே இறங்கியது? கண்ட பலன், 2021இல் ஒரு பிரிவுப் பட்டம். 2023இல் மீண்டும் 101 தோல்விகள்.

ஏழாண்டுகள் பொறுத்த ரசிகனிடமே மறுபடியும் பொறுமை கேட்பது என்ன நியாயம்? இளம் வீரன் தோற்றுக் கற்பதில் குற்றமில்லை. நிர்வாகம் கற்காமலே தோற்பதுதான் குற்றம்.