மெத்தைக்குக் கீழே எடுத்த பொட்டலமும் அன்றிரவே ஊர் எழுதிய தீர்ப்பும்



இது போதைப்பொருள் ஒழிப்புக்கு எதிரான பதிவு என்று நினைத்துப் பாதியில் விட்டுப் போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐஸ் எங்கள் பாடசாலை மதில் வரைக்கும் வந்திருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நல்லாப் படித்த பிள்ளை ஒரு தவணைக்குள் எப்படி மாறிப்போகிறது என்பதை இடாப்பு மார்க் பண்ணும்போதே நாங்கள் காண்கிறோம். விற்கிறவன் பிடிபட வேண்டும், உள்ளே போக வேண்டும். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் பிடிபட்ட ஒவ்வொருவரும் விற்கிறவர்தானா என்று கேட்க நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. அந்த நீதிமன்றம் தன் வேலையைச் சரியாகச் செய்வதற்கு ஊரிடமிருந்து ஒரு பொருள் தேவைப்படுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு மாதத்துக்குள் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் கைதானார்கள். தொலைக்காட்சிக் கமராக்கள் கூடவே வீடுகளுக்குள் போயின. தேடுதல் ஆணை இல்லாமல் சோதனைகள் நடப்பதாக வந்த முறைப்பாடுகளை ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2024 ஜனவரியில் பகிரங்கமாகவே சொன்னது. பிறகு ஆட்சி மாறியது. 2025 ஒக்டோபர் இறுதியில் 'முழு நாடுமே ஒன்றாக' என்ற பெயரில் புதிய வேலைத்திட்டம் வந்தது. பெயர் எதுவாக இருந்தாலும், ஒரு வீட்டுக்குள் பொலிஸார் நுழைந்து ஒரு பொட்டலத்தை எடுத்தோம் என்று சொன்ன பிறகு நடப்பது ஒரே சட்டத்தின் கீழ்தான். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984இலும் 2022இலும் அது பெரிதாகத் திருத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தோடு ஐஸும் அதற்குள் நேரடியாக வந்தது.

எங்களிடம் வருகிற பெற்றோர் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "வொரண்ட் இல்லாம வந்தாங்க சேர், அப்ப கேஸ் நிக்காதுதானே?"

நிற்கும். இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை. ஆணை இல்லாமல் எடுத்த பொருளை நீதிபதி தூக்கி எறிந்துவிடுவார் என்பது அமெரிக்கப் படங்களில் பார்த்த கதை. இலங்கையில் அந்த விதி இல்லை. மாத்தறை மதுவரிப் பரிசோதகர் சம்பந்தப்பட்ட கரலினா வழக்கில் 1950இலேயே எங்கள் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது: சோதனை முறைகேடானது என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த சான்று செல்லாமல் போகாது. போதாக்குறைக்கு, ஆணை எடுக்கப் போனால் பொருள் மறைந்துவிடும் என்று பொலிஸார் சொல்லும் காரணமும் எப்போதும் தயாராக இருக்கும். ஆகவே 'வொரண்ட் இல்லை' என்ற ஒற்றை வரியை நம்பி உட்கார்ந்திருக்கும் குடும்பம், உண்மையில் போராட வேண்டிய இடத்தில் காலத்தை வீணாக்குகிறது.

அப்படியென்றால் போராடும் இடம் எது? அதிகாரி சொல்வதை நீதிமன்றம் நம்பலாமா என்ற இடம். முறைகேடான சோதனை அங்கேதான் பலன் தரும். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், சீருடையிலா சிவிலிலா, வீட்டுக்காரர் எந்த அறையில் நிறுத்தப்பட்டார், பொருளை எடுத்தபோது அவர் கண்ணுக்கு முன்னால் எடுத்தார்களா, வீட்டுப் பெண்களைச் சோதித்தது பெண் பொலிஸா. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியமாக என்கிறது. இந்த விபரங்கள் அதிகாரியின் குறிப்புப் புத்தகத்தில் ஒரு மாதிரியும், நீதிமன்றத்தில் அவர் வாயிலிருந்து வேறு மாதிரியும் வந்தால், சட்டத்தரணிக்குப் பிடிமானம் அதுதான்.

அடுத்தது பொருளின் பயணம். கொழும்புக்கு வெளியே பல வழக்குகளில் பொட்டலம் நகைக்கடையிலோ அடகுக்கடையிலோ தராசில் நிறுக்கப்படுகிறது. பிறகு உறையில் இட்டு அரக்கு முத்திரை, சந்தேக நபரின் பெருவிரல் அடையாளம், பொலிஸ் நிலையத்தில் பொருளைப் பொறுப்பேற்பவர், சான்றுப்பொருள் இலக்கம், அங்கிருந்து அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். ஒவ்வொரு கைமாற்றத்தையும் வழக்குத் தொடுநர் தரப்பு நிரூபிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டு இலங்கைச் சட்ட அறிக்கைகளில் வந்த பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த உள்நோக்கிய பயணத்தைத்தான் மிக முக்கியமானது என்றது. வீட்டிலிருந்து ஆய்வுகூடம் வரைக்குமான அந்தப் பாதையில் ஓட்டை விழுந்தால் ஆய்வறிக்கை எந்தப் பொட்டலத்தைப் பற்றியது என்றே சொல்ல முடியாமல் போகும். இன்னொன்றும் உண்டு. பொலிஸ் நிறுத்தது மொத்த நிறை. தண்டனையைத் தீர்மானிப்பது பகுப்பாய்வாளர் அறிக்கை காட்டும் தூய நிறை. இரண்டும் ஒன்றல்ல, சில நேரம் பக்கத்திலும் இல்லை.

ஆறு பேர் இருக்கும் வீட்டில் பொதுவாகப் புழங்கும் அலுமாரியிலிருந்து எடுத்தார்கள் என்றால் அது யாருடையது? பொருள் அங்கே இருந்தது என்பது போதாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அறிந்தே அது அவரது கட்டுப்பாட்டில் இருந்தது என்று காட்ட வேண்டும். வீட்டில் இருந்தவர்களில் வயதில் இளையவனைப் பார்த்து ஜீப்பில் ஏற்றினால் அது நிரூபணம் ஆகாது.

இவை எல்லாம் விளக்கத்தின்போது வருகிற விடயங்கள். விளக்கம் வருவதற்குள் என்ன நடக்கும் என்பதுதான் குடும்பங்களை உடைக்கிறது. 54அ, 54ஆ பிரிவுகளின் கீழ் வந்தால் நீதவான் பிணை தரமாட்டார். விதிவிலக்கான சூழ்நிலை இருக்கிறது என்று மேல் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். தூய நிறை 10 கிராமோ அதற்கு மேலோ என்றால், மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில், 2022க்குப் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். குற்றப்பத்திரிகை இல்லாமலே 12 மாதம் விளக்கமறியலில் வைக்கலாம். சட்டமா அதிபர் கேட்டால் அது இன்னும் நீளலாம். ஐந்து கிராம் ஐஸ் என்றாலே உச்சத் தண்டனை பேசப்படும் சட்டம் இது. இப்படிப்பட்ட சட்டத்தில் முதல் ஒரு மணித்தியாலத்தில் நடந்தது என்ன என்பதற்கு எவ்வளவு பெறுமதி இருக்க வேண்டும்!

அந்த ஒரு மணித்தியாலத்துக்குச் சாட்சி யார்? வந்த அதிகாரிகள், வீட்டார், அப்புறம் அயலவர். வீட்டார் சொல்வதை "அவங்க பிள்ளைக்காகச் சொல்றாங்க" என்று எளிதாகத் தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பது அயல்தான். நாங்கள் சொன்ன அந்தப் பொருள் இதுதான்.

எங்கள் பகுதியில் ஒரு வீடு. மூத்தவன் மேசன் வேலை, தம்பி எங்களிடம் பதினொராம் ஆண்டு. சுபஹுக்கு முன் வந்தவர்கள் வாப்பாவையும் மகனையும் முற்றத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள், சற்று நேரத்தில் மெத்தைக்குக் கீழிருந்து எடுத்ததாக ஒரு பொட்டலத்துடன் வெளியே வந்தார்கள் என்கிறது குடும்பம். பொலிஸ் அறிக்கையோ சந்தேக நபரின் முன்னிலையில் எடுத்ததாகச் சொல்கிறது. இரண்டில் எது உண்மை என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, எங்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஆனால் எதிர்வீட்டு ஜன்னலில் ஆட்கள் நின்றார்கள். மூலைக் கடையில் சீசீரீவி கமரா இருந்தது. மகன் அந்த நேரம் முற்றத்தில் நின்றானா அறைக்குள் நின்றானா என்ற ஒரே கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியும். உம்மா கடைக்குப் போய்க் கேட்டபோது முதலாளி, "நமக்கு ஏன் தாத்தா இந்தக் கேஸெல்லாம்" என்றாராம். பத்துப் பதினைந்து நாளில் பழைய பதிவு அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிட்டது. எதிர்வீட்டார் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அதே ஊர், அதே நாள் இரவு, அந்தப் பையனின் படத்தை மூன்று வட்ஸ்அப் குழுமங்களில் பகிர்ந்தது. குழுமத்தில் வாய் இருந்தது, சத்தியக்கடதாசியில் இல்லை. தம்பி இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. வந்த நாளில் வகுப்பில் அவனுக்குப் புதுப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்.

அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை, குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுற்றவாளி என்கிறது. எங்களுக்கு அது மட்டும்தான் என்றில்லை. செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்வதும், பிறர் குறை துருவுவதைத் தடுப்பதும் சூரத்துல் ஹுஜுராத்தின் போதனை. அனுமதி இல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழைவதைத் தடுப்பது சூரத்துந் நூர். இவற்றை மிம்பரில் கேட்டுவிட்டு, பிணையாளிகளுக்காகக் கடிதம் கேட்டு வந்த வாப்பாவிடம் "கேஸ் முடியட்டும் பாப்போம்" என்று சொல்லி அனுப்பும் நிர்வாகங்களை என்னவென்று சொல்வது? இந்தக் குடும்பம் இந்த மஹல்லாவில் இத்தனை வருடமாக இருக்கிறது என்று எழுதுவது நற்சான்றிதழ் அல்ல, நடந்த உண்மை. அதை எழுதப் பயப்படுவதற்கு என்ன இருக்கிறது?

"வியாபாரிக்குச் சாட்சி சொன்னவன் என்று பெயர் வரும்" என்பார்கள். பொலிஸின் கோபத்துக்கு ஆளாவோம் என்ற பயமும் இருக்கிறது, அது பொய்யான பயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். எத்தனை மணி, எத்தனை பேர், யார் எங்கே நின்றார். பையன் நல்லவனா கெட்டவனா என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீங்கள் கண்டது பொலிஸ் சொல்வதோடு ஒத்துப்போனால் அதுவும் உண்மைதான், அதையும் சொல்லுங்கள். உண்மையான வியாபாரி உள்ளே போவதற்கும் அதே சாட்சியம்தான் உதவும். ஓட்டை விழுந்த வழக்கில் அவனும்தான் வெளியே வருகிறான்.

காலம் இங்கே மிக முக்கியம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதற்கு 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போய் விசாரணை நடந்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அந்த விசாரணைக் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். இரண்டு வருடம் கழித்து முதன்முதலாக வாய் திறக்கும் சாட்சியை "இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்" என்று கேட்காமல் விடவும் மாட்டார்கள்.

மொழி விடயத்தையும் சொல்ல வேண்டும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பையனிடம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்குவது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் 27ஆம் பிரிவின் கீழ், 'நான் காட்டித் தருகிறேன்' என்று சொல்லிப் பொருள் கிடைத்ததாக எழுதினால் அந்தப் பகுதி உள்ளே வந்துவிடும். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. முடியாது என்றால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். வைக்க வேண்டி வந்துவிட்டால் அடுத்த தவணையிலேயே அதைச் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் சொல்லுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு நீதிமன்றப் பக்கத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகங்கள் இருக்கின்றன. தரகர் கையில் காசைக் கொடுத்துவிட்டு அழுகிற உம்மாமாரை நிறையக் கண்டுவிட்டோம்.

எதிர்வீட்டாரும் அந்தக் கடை முதலாளியும் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று தெரியும். அடுத்த தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சட்டத்தரணியிடம் வருவதற்குத் தனியாகத் தயங்கினால் நாங்கள் கூட வருகிறோம். ஆணைக்குழுவுக்குத் தமிழில் முறைப்பாடு எழுதத் தெரியாதவர்கள், எந்த ஊர் என்றாலும், பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதியையும் நீதிமன்ற வழக்கிலக்கத்தையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு வாருங்கள். இருந்து எழுதித் தருகிறோம்.