தலைக்காயமும் கஞ்சா எண்ணெயும்

"டாக்டர், கஞ்சா எண்ணெய் அடிபட்ட மூளையைச் சரிசெய்யும் என்கிறார்களே, கொடுத்துப் பார்க்கலாமா?" சாலை விபத்தில் தலையில் காயமுற்ற கணவரை நான்கு மாதங்களாகக் கவனித்துவந்த ஓர் அம்மையார் புறநோயாளர் பிரிவில் என்னிடம் இவ்வாறு கேட்டார். வெளியே நீண்ட வரிசை காத்திருந்தது. "அதெல்லாம் வேண்டாம் அம்மா" என்று சிரித்தபடியே கூறிவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

மூன்று வாரங்கள் கழித்து அதே நோயாளியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தனர். பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பார்த்தவர், இப்போது தோளைப் பிடித்து உலுக்கினாலும் விழிக்கவில்லை. தலைக்காயத்துக்குப் பின் சிலருக்கு மூளைக்குள் நீர் தேங்குவதுண்டு. அதை அஞ்சி உடனே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். புதிதாக எதுவும் தென்படவில்லை. மாலையில் செவிலியர் ஒருவர் பக்கத்து மேசையில் ஒரு சிறிய சொட்டு மருந்துப் பாட்டிலைக் கண்டு விசாரித்தபோதுதான் காரணம் விளங்கிற்று. இரு வேளையும் அந்த எண்ணெய் மூக்குக்குழாய் வழியே கொடுக்கப்பட்டு வந்துள்ளது. நோயாளி வலிப்புக்காக குளோபசாம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். கஞ்சாச் செடியிலுள்ள கன்னாபிடியால் என்னும் பொருள், கல்லீரல் அம்மாத்திரையைக் கையாளும் வழியில் குறுக்கிடக்கூடியது. அப்போது தூக்கம் உண்டாக்கும் ஒரு விளைபொருள் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும்.

அந்த அம்மையாரிடம் நான் குறை காணவில்லை. அவர் முறைப்படி என்னிடம்தான் முதலில் கேட்டார். பதில் சொல்லாதவன் நான். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவருடைய கேள்வி நகைப்புக்குரியதன்று. ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ரஃபேல் மெஷூலம், 1964இல் தம் சகா ஒருவருடன் சேர்ந்து கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார். அத்தகைய பொருள்களை ஏற்கும் வாயில்கள் நம் மூளைச் செல்களிலேயே உள்ளன என்பது பின்னர் தெரியவந்தது. 1992இல் அவருடைய ஆய்வுக்கூடம், உடலே சுரக்கும் கஞ்சாவை ஒத்த ஒரு பொருளைக் கண்டுபிடித்து, 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டது. இவ்வகைப் பொருள்கள் அனைத்துக்கும் கன்னாபினாய்டுகள் என்பது பொதுப்பெயர்.

தலையில் அடிபடும் கணத்தில் நேரும் சேதம் ஒன்று. அதைத் தொடர்ந்து மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் வளரும் சேதம் மற்றொன்று. காயமுற்ற செல்களிலிருந்து குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவின்றிக் கசிகிறது. அண்டைச் செல்களுக்குள் கால்சியம் புகுந்து அவையும் மடிகின்றன. மூளை வீங்குகிறது. முதற் சேதத்தை எவராலும் திருப்ப இயலாது. இரண்டாவதைத் தடுக்க முடியுமா என்பதே எங்கள் துறையின் நெடுநாள் ஏக்கம். எலிகளின் தலையில் காயமேற்படும்போது உடலின் சொந்தக் கன்னாபினாய்டு ஒன்று மூளையில் பெருகுவதையும், அதையே செயற்கையாகத் தயாரித்துக் கூடுதலாகச் செலுத்தினால் வீக்கம் குறைந்து எலிகள் விரைவில் தேறுவதையும் 2001இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அக்காலத்தில் எங்களுக்கெல்லாம் நம்பிக்கை அளித்த செய்தி அது.

மெஷூலத்தின் குழு உருவாக்கிய டெக்சனாபினால் என்ற மருந்து அதற்கு முன்பே மனிதர்களிடம் சோதிக்கப்படத் தொடங்கியிருந்தது. போதை தராத, குளூட்டமேட்டின் தாக்குதலைத் தடுக்கும் செயற்கைக் கன்னாபினாய்டு அது. இஸ்ரேலில் 67 நோயாளிகளிடம் நடந்த முதற்கட்ட ஆய்வில் மருந்து பாதுகாப்பானதாகத் தெரிந்தது. பலன் உண்டு என்பதற்கான அறிகுறிகளும் தென்பட்டன. அடுத்து 15 நாடுகளில் 86 மருத்துவமனைகள் சேர்ந்து 861 பேரிடம் பெரிய ஆய்வை நடத்தின. கடுமையான தலைக்காயம் நேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள் ஒரே ஓர் ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தற்ற கரைசல். ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, தேறாமல் போனவர்கள் மருந்து பெற்றோரில் 50 விழுக்காடு, பெறாதோரில் 51 விழுக்காடு. 2006இல் முடிவு வெளியாயிற்று. மருந்து தீங்கு செய்யவில்லை; உதவவும் இல்லை.

இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆறு மணி நேரத்தை எண்ணிப் பார்ப்பேன். விபத்துச் செய்தி கேட்டு ஓடிவந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட குடும்பத்தினர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! இன்று நான் ஒரு மருந்தை வேண்டாம் என்று சொல்ல முடிகிறதென்றால் அது அவர்கள் தந்த விடை. 2012இல் வேறொரு கன்னாபினாய்டை 97 பேரிடம் சோதித்த ஆய்விலும், முதல் மாதத்தில் உயிர் பிழைத்தோர் கூடுதலாக இருந்தனர். ஆறாம் மாதத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

கைப்பேசியில் அடிக்கடி வலம்வரும் இன்னொரு செய்தி உண்டு: 'கஞ்சா பயன்படுத்தியவர்கள் தலைக்காயத்தில் பிழைத்தார்கள்' என்பது. அதன் மூலம் 2014இல் அமெரிக்காவில் வெளியான உண்மையான ஆய்வுதான். 446 நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டியதில், கஞ்சா பயன்படுத்தியதாகச் சோதனையில் தெரிந்த 82 பேரில் இருவர் இறந்தனர், அதாவது 2.4 விழுக்காடு, மற்றவர்களில் இறந்தோர் 11.5 விழுக்காடு. ஆனால் அவர்களுக்கு எவரும் கஞ்சாவை மருந்தாகக் கொடுக்கவில்லை. அவர்கள் விபத்துக்கு முன்பே பயன்படுத்தியவர்கள். பதிவேட்டைப் புரட்டிக் கிடைக்கும் இத்தகைய தொடர்பு, மேலே ஆராய்வதற்கு ஒரு காரணம் ஆகலாம். சிகிச்சைக்கு ஆதாரம் ஆகாது. விபத்து நடந்து மாதங்கள் கடந்தபின் கொடுக்கும் எண்ணெயைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

"பலன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே" என்று சிலர் கேட்கின்றனர். மருத்துவர்களாகிய நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினோம். மூளை வீக்கம் குறையுமென்று தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி பல நாடுகளில் ஆண்டுக்கணக்காகக் கொடுக்கப்பட்டது. 10,008 பேரிடம் முறையாகச் சோதித்து 2004இல் முடிவு வந்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 17.9 விழுக்காட்டினரும் இரு வாரங்களுக்குள் இறந்திருந்தனர். நல்லெண்ணத்துடன் கொடுத்த ஊசி அது.

கன்னாபிடியால் பயனற்றது என்றும் நான் கூறமாட்டேன். குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு, தூய்மையாகத் தயாரிக்கப்பட்ட கன்னாபிடியாலை 2018இல் அமெரிக்க அரசு மருந்தாக ஏற்றது. அங்கும் கல்லீரல் பரிசோதனை செய்தபடியேதான் கொடுக்கிறார்கள். வால்ப்ரோயேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு கூடுதலாக நேர்வது தெரிந்ததே. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறையாமை அதிகரிக்கக்கூடும். இவை அளவு தெரிந்த மருந்தின் கதை. இணையத்தில் விற்கப்படும் பாட்டிலில் அந்த அளவே ஐயத்துக்குரியது. அமெரிக்காவில் இணையவழி விற்ற 84 பாட்டில்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், லேபிளில் குறித்த அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18 பாட்டில்களில் போதை தரும் டி.எச்.சி.யும் இருந்தது.

எங்கள் நோயாளிக்கு எண்ணெயை நிறுத்தினோம். சில நாள்களில் முன்போலக் கண் திறந்தார். நகையை அடகு வைத்து அந்தப் பாட்டில்களை வாங்கியதாக அவர் மனைவி பின்னர் கூறினார். அதே பணம் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வருவதற்கும், புண் வராமல் காக்கும் காற்றுப் படுக்கைக்கும், விழுங்கும் பயிற்சிக்கும் உதவியிருக்கும். அவற்றால் கிடைக்கும் பலனை நாங்கள் வார்டில் அன்றாடம் காண்கிறோம்.

எண்ணெயோ லேகியமோ சூரணமோ, எதைக் கொடுத்துவந்தாலும் அடுத்த வருகையின்போது பாட்டிலுடன் கொண்டுவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். அதற்கு இடம் கொடுக்கிறோம் என்று வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நான் அவசரத்தில் இருப்பதுபோல் தோன்றினால், கேள்வியை இரண்டாம் முறையும் கேளுங்கள்.