பக்கத்து வயலில் ஒரு காற்றாலை



காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லதா என்று நம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். நல்லது என்று கையுயர்த்தாதவர் ஒருவரும் இரார். அடுத்து, "அப்படியானால் அந்தக் காற்றாலையை உங்கள் கொல்லைப்புற வேலிக்கு அப்பால் உள்ள நிலத்தில் நிறுவலாமா?" என்று கேளுங்கள். உயர்ந்த கைகளுள் பாதி மெல்லத் தாழும். தாழ்த்தியவர்களைத் தன்னலக்காரர் என்று ஏசிவிட்டுப் போவது மிக எளிது. அடியேனும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இங்கிலாந்து நாட்டின் தென்மேற்குக் கோடியிலுள்ள ஒரு சிற்றூரின் கதையை அறிந்த பின்னரே அவ்வெண்ணம் தளர்ந்தது. அக்கதையை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அவ்வூரின் பெயர் டெலபோல். கார்ன்வால் பகுதியின் வடபுறத்தில், அட்லாண்டிக் பெருங்கடலின் காற்று தடையின்றி வந்து மோதும் மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. இதன் பழைய புகழெல்லாம் சிலேட்டுக் கல்லால் வந்தது. நாம் சிறுவயதில் அரிச்சுவடி எழுதிப் பழகினோமே, அதே சிலேட்டுக் கல்தான். பல நூற்றாண்டுகளாக அங்கே வெட்டியெடுத்த கல், இங்கிலாந்தின் எத்தனையோ இல்லங்களுக்குக் கூரையாயிற்று. வெட்டிய இடத்தில் 400 அடிக்கும் மேற்பட்ட ஆழமுள்ள பெரும்பள்ளம் ஒன்று நிற்கிறது. இயற்கை எழிலைக் குலைக்கிறது என்று சொல்லத்தக்கது ஏதேனும் அவ்வூரில் உண்டென்றால் அந்தப் பள்ளமே முதலாவதாகும். ஆயினும் ஊரார் அதைத் தம் பெருமையாகவே கருதுகின்றனர். பழகிய வடு அழகாகிவிடுகிறது போலும்! கார்ன்வாலின் பழைய தகரச் சுரங்கங்களின் புகைபோக்கிகளும் இப்படித்தான். ஒரு காலத்தில் கரும்புகை கக்கிய அவை, 2006-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றன.

இந்த ஊரில் பண்ணை வைத்திருந்தவர் பீட்டர் எட்வர்ட்ஸ் என்னும் உழவர். அவ்வட்டாரத்தில் அணுமின் நிலையம் ஒன்று வரக்கூடும் என்ற பேச்சு 1980-களில் எழுந்தபோது, அதை விரும்பாதவர்களுள் அவருடைய குடும்பமும் ஒன்று. இங்கேதான் கதை சுவைபெறுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் அமர்ந்திருப்போர் உலகில் பலர். "இது வேண்டாம் என்றால், விளக்கெரிய வேறு வழி யாது?" என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்வோர் சிலரே. எட்வர்ட்ஸ் குடும்பத்தினர் கேட்டுக்கொண்டனர். காற்றாலைகளை உழவர்களே நிறுவிவந்த டென்மார்க் நாட்டுக்குச் சென்று நேரில் பார்த்தனர். தங்கள் மேய்ச்சல் நிலத்திலேயே பத்துக் காற்றாலைகளை நிறுவுவது என்று துணிந்தனர்.

இப்போது நிலைமை தலைகீழாயிற்று. நேற்றுவரை ஒரு திட்டத்தை ஐயத்தோடு நோக்கியவர், இன்று தாமே ஒரு திட்டத்தைக் கையில் ஏந்தி அயலாரின் ஐயத்தின் முன் நின்றார். அந்நாட்டில் அதுவரை வணிக முறையில் ஒரு காற்றாலைப் பண்ணையும் இருந்ததில்லை. ஆதலால், "அந்த ஊரில் போய்ப் பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று சுட்டிக்காட்ட அவருக்கு முன்மாதிரி எதுவும் உள்நாட்டில் இல்லை. இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்குமா? தொலைக்காட்சிப் படம் நடுங்குமா? கடற்கரை காணவரும் பயணிகள் வேறு ஊருக்குப் போய்விடுவார்களா? வீட்டின் விலை வீழுமா? இவையெல்லாம் காற்றாலை வரவிருக்கும் ஊர்களில் எழும் வினாக்கள். இவற்றுள் ஒன்றுகூட அறியாமையின் பிதற்றல் அன்று.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் பசுமை மின்சாரத்தை ஆதரிக்கும் நல்லோர் பலர், எதிர்ப்பவர் கூறுவதெல்லாம் வீண் அச்சமென்று தள்ளிவிடுகின்றனர். இறக்கை சுழலும்போது ஒலி எழுவது உண்மை. அதனால்தான் பிரித்தானியாவில் 1990-களின் நடுவில் ஒலிக்கு வரம்பு வகுத்தனர். இரவில் அயல்வீட்டின் அருகே 43 டெசிபெல் என்பது அவ்வரம்பின் அடிப்படை அளவு. மாலை வெயில் தாழும் வேளையில் சுழலும் இறக்கையின் நிழல் சன்னல் வழியே வந்து வந்து மறைவதும் உண்மை. அந்நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைப்பதே அதற்குப் பரிகாரம். வீட்டு விலையைப் பற்றிய அச்சமோ ஆய்விலேயே மெய்யாயிற்று. இலண்டன் பொருளியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளின் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, கண்ணுக்குத் தெரியும் காற்றாலைப் பண்ணை இரண்டு கிலோமீட்டருக்குள் அமைந்தால் வீட்டின் விலை சராசரியாக 5 முதல் 6 விழுக்காடு வரை குறைகிறது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே வீட்டில் முடங்கியுள்ள முதியவருக்கு இது சிறு தொகையா? உலகம் முழுவதற்கும் நன்மை விளைகிறது; அதன் விலையில் ஒரு பங்கை மட்டும் அவர் தனியே செலுத்துகிறார். அவர் முணுமுணுப்பது நியாயமே.

டெலபோலுக்குத் திரும்புவோம். அனுமதி கிடைத்தது. 1991-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பத்துக் காற்றாலைகளும் சுழலத் தொடங்கின. ஒவ்வொன்றும் 400 கிலோவாட், ஆகமொத்தம் 4 மெகாவாட். அவற்றின் அடியில் ஆடுமாடுகள் மேய்ச்சலை விட்டு அகலவில்லை. நிறுவுவதற்கு முன்னும் நிறுவிய பின்னும் வட்டார மக்களிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்தனர். முன்பு அஞ்சிய அளவுக்கு ஒலி இல்லை என்று பலர் பின்பு ஒப்புக்கொண்டனர். பயணிகள் ஓடிவிடவும் இல்லை; புதுமையைக் காண வந்தோரும் உண்டு.

இவ்வளவு விரைவில் ஊர் பழகிக்கொண்டது எதனால்? இயந்திரத்தின் சிறப்பை மட்டும் காரணமாகச் சொல்லமாட்டேன். காற்றாலையை நிறுவியவர் அவ்வூரிலேயே வாழ்ந்தார். இறக்கையின் ஒலி முதலில் விழுவது அவருடைய செவியில். குறையிருந்தால் அயலார் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவும், கேட்பதற்கு ஒரு முகமும் இருந்தன. நம் ஊரில் மாவு அரைக்கும் ஆலையின் தூசியைப் பொறுத்துக்கொள்கிறோமே, அதை நடத்துபவர் ஞாயிறு பூசையில் நம் அருகில் முழந்தாளிடுபவர் என்பதால்தானே? அதே தூசி முகமறியாத ஒரு நிறுவனத்திடமிருந்து வந்தால் மனு எழுதத் தொடங்கிவிடுவோம்.

அயலாரின் சொல்லுக்கு எவ்வளவு எடை தருவது என்பதே அடுத்த கடினமான வினா. இங்கிலாந்து அரசு இவ்விஷயத்தில் ஒரு கோடிக்குப் போய்ப் பார்த்தது. 2015 ஜூன் மாதத்தில் புதிய விதியொன்று வந்தது. நிலத்தில் நிறுவும் காற்றாலை ஒன்றே ஆயினும், உள்ளூர்த் திட்டத்தில் அதற்கென்று இடம் குறித்திருக்க வேண்டும். அதனால் பாதிக்கப்படும் ஊரார் எழுப்பும் குறைகள் முற்றிலும் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். அவர்களுடைய ஆதரவும் இருக்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது! நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. உறுதியாக நின்று எதிர்க்கும் மிகச் சிலரே ஒரு திட்டத்தை முடக்கிவிட முடிந்தது. புதிய அனுமதிகள் ஏறக்குறைய நின்றேபோயின. பெருநிறுவனங்கள் கடலுக்குள் சென்று காற்றாலை நிறுவின. அவற்றுக்கு முதல் உண்டு, வழக்கறிஞர் உண்டு. தம் பாற்பண்ணையின் மின்கட்டணத்தைக் குறைக்க ஒரேயொரு காற்றாலை நாட்ட விரும்பிய சிறு உழவர் எங்கே போவார்? ஊராரைக் காப்பதற்கென்று வந்த விதி, அவ்வூரைச் சேர்ந்த சிறு தொழிலினரையே முதலில் கட்டிப்போட்டது. 2023 செப்டம்பரில் விதியைச் சிறிது தளர்த்தினர். 2024 ஜூலையில் பதவியேற்ற புதிய அரசு முதல் வாரத்திலேயே அதனை நீக்கியது. இடையில் கழிந்தவை ஒன்பது ஆண்டுகள்.

டென்மார்க்கினர் வேறு வழி கண்டனர். 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், காற்றாலை நிறுவுவோர் குறைந்தது 20 விழுக்காடு பங்குகளை 4.5 கிலோமீட்டருக்குள் வாழ்வோருக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. அயலாரை எதிரியாகவோ நடுவராகவோ அன்றி, கூட்டாளியாக ஆக்கும் ஏற்பாடு இது. ஆனால் பங்கு வாங்கக் கையில் பணம் வேண்டுமே! பணமுள்ள அயலார் கூட்டாளியாகலாம். ஓய்வூதியத்தில் வாழும் விதவைத் தாய்க்கோ இரைச்சல் மட்டுமே மிஞ்சும். 2020-இல் அவ்விதியைக் கைவிட்டு, காற்றாலையின் உயரத்தைப் போல் எட்டு மடங்கு தொலைவுக்குள் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கும் முறையைக் கொண்டுவந்தனர். வாங்கும் வசதி இல்லாதவருக்கும் இது எட்டும். ஆகவே முன்னதைவிட இதுவே மேலானது என்பது என் கருத்து. கூட்டுறவு ஆர்வலர்கள் சினம் கொள்ள வேண்டாம்!

காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட "லவுதாத்தோ சி" சுற்றுமடலில் இவ்விரு கூறுகளையும் தொட்டுள்ளார். புதுப்பிக்கத்தக்க ஆற்றலை மக்களே கூட்டுறவாக எடுத்துப் பயன்படுத்துவதைப் பாராட்டுகிறார். ஒரு திட்டத்தைப் பற்றிய கலந்துரையாடலில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார். ஆனால் அவர் பேசுவது கலந்துரையாடலில் இடத்தைப் பற்றி. கதவை அடைத்துத் தாழிடும் உரிமை வேறு.

நம் நாட்டுக் காற்றாலைகளுக்கும் இக்கதையில் ஓர் உறவு உண்டு. எட்வர்ட்ஸ் வாங்கிய இயந்திரங்கள் டென்மார்க்கில் செய்யப்பட்டவை. ஏறத்தாழ அதே காலத்தில் அதே நாட்டின் உதவியோடுதான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் தொடக்க காலக் காற்றாலைகள் எழுந்தன. ஆரல்வாய்மொழி வழியே பேருந்தில் செல்லும்போது இருபுறமும் சுழலும் அக்காற்றாலைகளில் பல, கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் உரியவை. காற்று தென்கோடிக் கிராமத்தினுடையது. மின்சாரக் கணக்கு எங்கோ ஓர் ஆலையினுடையது. அயலாருக்கு என்ன என்ற வினாவை இங்கே எவரும் உரக்கக் கேட்டதில்லை.

டெலபோலில் அவ்வினாவுக்கு விடை வரப் பல ஆண்டுகள் பிடித்தன. 2002-இல் காற்றாலைப் பண்ணையை குட் எனர்ஜி என்னும் மின்விற்பனை நிறுவனம் வாங்கியது. பழைய பத்துக் காற்றாலைகளை இறக்கிவிட்டு, அவற்றுக்கு ஈடாக நான்கே நான்கு பெரிய காற்றாலைகளை ஏற்றும் வேலை 2010-இல் நடந்தது. ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட், ஆகமொத்தம் 9.2 மெகாவாட். எண்ணிக்கை பாதியினும் குறைந்தது. ஆற்றலோ இரு மடங்குக்கும் மேல் கூடியது. 2013-ஆம் ஆண்டு அந்நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. காற்றாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் தன்னிடம் மின்சாரம் வாங்கினால், வழக்கமான கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி! பேராசிரியர் கண்ட விலைச்சரிவும் அதே இரண்டு கிலோமீட்டருக்குள் என்பதைக் கவனித்தீர்களா? இழப்பு விழும் வட்டமும் ஈடு கிடைக்கும் வட்டமும் ஒன்றாயின. அறிந்து செய்தார்களோ, தற்செயலோ, கணக்கு நேராயிற்று.

ஆனால் கதை அங்கும் நிற்கவில்லை. 2022-இல் குட் எனர்ஜி தன் காற்றாலைகளையும் சூரிய மின் நிலையங்களையும் ஒரு முதலீட்டு நிதிக்கு விற்றுவிட்டது. அயலார் போய்த் தட்டிய பழைய பண்ணைவீட்டுக் கதவு இப்போது காற்றாலையின் கதவு அன்று. நான்கு காற்றாலைகளும் அதே மேட்டில், அதே கடற்காற்றில் நிற்கின்றன. இரவில் ஓர் இறக்கை வழக்கத்துக்கு மாறாக முனகினால், டெலபோல்வாசி இன்று எழுந்து தொலைபேசி எண்ணைத் தேட வேண்டும்.