சைக்கிளில் போகும் வேலை யாருடையது?

2022 ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபா. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. ஏறக்குறைய அரை நாள் உழைப்பு ஒரு லீற்றருக்குப் போனது. அதுவும் கையில் காசு இருந்தால் மட்டும் கிடைக்கவில்லை. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது.

திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு கசப்பும் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. 2022 ஜனவரியில் 61 குதங்கள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு எனப் பங்கீடு முடிந்தது. ஆறு மாதம் கழியும் முன்னே, அந்தக் குதங்கள் இருக்கும் மாவட்டத்து மக்கள் அரிசி வாங்கவும் மருந்து எடுக்கவும் சைக்கிள் மிதித்தார்கள்.

திருகோணமலை நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல இந்த மாவட்டத்திலும் வன்னியிலும் குடியேறின. மலைச்சரிவில் சைக்கிளுக்கு வேலையில்லை. இங்கே சமதரையில் அதுவே வீட்டின் கால். ஆனால் பிரச்சினை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். லயத்திலிருந்து டவுனுக்கு நடப்பவரும், குடியேற்றக் கிராமத்திலிருந்து சந்திக்கு மிதிப்பவரும் கூலியில்லாத ஒரு வேலையையே செய்கிறார்கள். சங்கக் கடை, தபாலகம், கிளினிக், பிரதேச செயலகம், அரிசி ஆலை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். ஒரு கையொப்பத்துக்கு ஒரு முற்பகல். "அதிகாரி இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு முற்பகல். இந்த நேரத்தை எந்தச் சம்பளப் பட்டியலும் கணக்கெடுப்பதில்லை.

அந்த வேலையைச் செய்வது யார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சைக்கிள் ஆணுக்கு, அலைச்சல் பெண்ணுக்கு. அப்பா சைக்கிளோடு வேலைக்குப் போனபின், அம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அம்மாவால் முடியாத நாளில் மூத்த மகள் போகிறாள். வகுப்பறையில் நிற்கும் நமக்கு இது நன்றாகத் தெரியும். வரவுப் பதிவேட்டில் விழும் பூச்சியங்களில் பல, காய்ச்சலால் விழுந்தவை அல்ல.

இதை மாற்ற முடியுமா? முடிந்திருக்கிறது. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த மாவட்டங்களில் ஒன்றான புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளப் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள். ஊர் கேலி பேசத்தான் செய்தது. அவர்கள் மிதித்துக்கொண்டே போனார்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏழைக்குச் சைக்கிள் போதும் என்று அரசு ஒதுங்கிக்கொள்ள நாம் இடம் கொடுக்கக்கூடாது. வீதி இல்லாத இடத்தில் சைக்கிளும் ஓடாது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டி முடியாத நிலையில், மக்கள் அன்றாடம் படகுப் பாதையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் நீரில் மாண்டார்கள். கடைக்கும் பள்ளிக்கும் போகும் வழி உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, கிளைகளின் முன் மூன்று காரியங்களை வைக்கிறோம்.

முதலாவது, சமதரைக் கிராமங்களில் ஒவ்வொரு கிளையும் பெண்களுக்கும் மாணவிகளுக்கும் சைக்கிள் பழக்க வேண்டும். பாடசாலை மைதானமும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் போதும். பழக்குபவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, தவணை முறையில் சைக்கிள் வாங்கக் கிளைக்கொரு சிறு நிதி தொடங்க வேண்டும். பெண் அங்கத்தவரின் பெயரிலேயே சைக்கிள் எழுதப்பட வேண்டும். ஒட்டுப்போடும் சாமானும் காற்றுப் பம்பும் கிளை அலுவலகத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, பிரதேச சபைக்கும் செயலகத்துக்கும் எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். வீதியோரம் மிதிக்க இடம், இருட்டும் வளைவுகளில் விளக்கு, மாதம் ஒரு நடமாடும் சேவை. மலையகக் கிளைகள் இதே கடிதத்தில் தோட்டப் பாதையையும் பஸ்ஸையும் சேர்த்து எழுதலாம். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவோம். அதற்கும் வராவிட்டால் சேர்ந்து போய் நிற்போம்.

சம்பளப் போராட்டம் நம் முதல் போராட்டம்தான். ஆனால் வாங்கிய சம்பளம் அரிசியாகவும் மருந்தாகவும் வீடு வந்து சேர இன்னும் பல மைல் இருக்கிறது. அந்த மைல்களைப் பெண்கள் மட்டும் தனியே சுமப்பது இனியும் தொடரக்கூடாது.