இரண்டாவது மனை

திருமங்கலத்தில் ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மனையில்தான் வந்து நிற்கிறது. குடியிருக்க வீடு ஆயிற்று, அடுத்து என்ன? தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது, இப்போது விட்டால் கிடைக்காது என்கிறார் தரகர். எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அந்தப் பெயரைச் சொல்லி விற்ற மனைகள் பலவற்றில் இன்றும் சீமைக்கருவேலம்தான் குடியிருக்கிறது.

முதல் வீடு தேவைக்கு வாங்கியது. விலை ஏறாவிட்டாலும் தலைக்கு மேல் கூரை. இரண்டாவது மனையை விற்றால்தான் காசு. வாங்கும்போதே முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என நூற்றுக்கு 9 போய்விடுகிறது.

2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதே, நினைவிருக்கிறதா? மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2017-ல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்து, அதற்கும் கட்டணம் கட்டிய பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. தரகரிடம் இதைக் கேட்டால் 'அதெல்லாம் பழைய கதை சார்' என்பார். அவருக்குப் பழைய கதைதான், கமிஷனை அன்றைக்கே வாங்கிவிட்டாரே!

வாங்கியே தீருவேன் என்றால் டிடிசிபி அங்கீகார எண், ரெரா பதிவு எண் இரண்டையும் கேளுங்கள். வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போடுங்கள். தாய்ப்பத்திரத்தை அசலாகப் பாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம்.

என்னைக் கேட்டால், எழுபதுக்கு மேல் இரண்டாவது மனையே வேண்டாம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, எல்லைக்கல்லை யார் போய்ப் பார்ப்பது? இருக்கிற வீட்டின் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கைப்பணத்தைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கொரு முறை வட்டி வந்துவிடும். 30 லட்சம் வரை போடலாம்.